அந்தத் துண்டை எறிந்துவிடாதீர்கள்

பினாங்கில் கண்ணீர்ப் பை அறுவை செய்யும் மருத்துவர்களுக்கு,

வணக்கம். நான் மருத்துவன் இல்லை. திசு ஆய்வகத்தில் 26 ஆண்டுகள் திசு பதித்த மெழுகுக் கட்டிகளைச் சீவி ஸ்லைடு போட்டவன். நீங்கள் வெட்டி அனுப்பியவற்றில் பல என் கை வழியாகத்தான் மைக்ராஸ்கோப்புக்குப் போயின. அந்த உரிமையில், அறுவையின்போது பைச் சுவரிலிருந்து ஒரு சிறு துண்டை ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லி எழுதுகிறேன்.

ஆயர் ஈத்தாமில் இருக்கும் என் அத்தைக்கு இடது கண்ணில் ஓயாமல் நீர் வடியும். சந்தையில் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே நிற்பார். "என்னக்கா, விலையக் கேட்டே அழுறீங்களா?" என்பார் மீன்காரர். கண்ணீர்க் குழாய் அடைப்பு என்று தெரிந்ததும், மூக்கெலும்பில் வழி திறந்து, கண்ணோரத்தில் கண்ணீர் வந்து சேரும் பையை மூக்கோடு இணைத்தார்கள். 'பையிலிருந்து துண்டு அனுப்பினீர்களா?' என்று பழக்கதோஷத்தில் வார்டில் கேட்டேன். பார்த்தால் சாதாரண அழற்சிதான், அனுப்பவில்லை என்றார்கள். எட்டு மாதத்தில் கண்ணோரம் மறுபடி வீங்கியது. இரண்டாவது அறுவையில் துண்டு ஆய்வகத்துக்குப் போனது. லிம்ஃபோமா, அதாவது நிணநீர் அணுக்களில் வரும் புற்றுநோய்.

முதல் முறையே அது இருந்ததா? யாராலும் சொல்ல முடியாது. பார்ப்பதற்குத் துண்டு இல்லையே.

உங்கள் தரப்பும் எனக்குத் தெரியும். பெரும்பாலானவை 'நாள்பட்ட அழற்சி' என்றுதான் திரும்பும்; அவற்றைச் சீவிச் சீவி எனக்கே சலித்திருக்கிறது. கண்ணீரில் ரத்தம் வந்தால், உள் கண்ணோரத் தசைநாணுக்கு மேலே கட்டி தட்டுப்பட்டால், முன்பே புற்றுநோய் இருந்திருந்தால், பை விகாரமாகத் தெரிந்தால் மட்டும் அனுப்பினால் போதும் என்று உங்களில் பலர் நினைக்கிறீர்கள். ஆய்வாளர்களும் இதில் ஒருமித்த கருத்தோடு இல்லை. ஆனாலும் யாரும் சந்தேகப்படாத பைகளிலிருந்து லிம்ஃபோமா, சார்காய்டோசிஸ் (பல உறுப்புகளில் வரும் ஒரு அழற்சி நோய்), பாப்பிலோமா (மரு போன்ற கட்டி) எல்லாம் வெளிப்பட்டிருக்கின்றன. அரிதுதான். ஆனால் உடலில் வேறெங்கோ ஒளிந்திருக்கும் நோயின் முதல் தடயமாகவும் அது இருக்கலாம்.

இதற்கென்று தனியாக ஒரு அறுவை வேண்டியதில்லை. பை ஏற்கெனவே திறந்திருக்கிறது. சுவரோரம் அரிசி மணி அளவு கிள்ளி எடுத்தால் போதும்.

அப்புறம், அனுப்புவதிலும் ஒரு முறை இருக்கிறது. துணியில் சுற்றி மேசையில் வைத்த துண்டு காய்ந்து கருவாடாக வந்து சேரும். எலும்புத் துணுக்கு, மூக்குச் சவ்வு, பைச் சுவர் மூன்றையும் ஒரே போத்தலில் போடாதீர்கள். எலும்பைச் சீவுமுன் அதன் சுண்ணாம்பைக் கரைக்க வேண்டும். அதற்கே நாட்கள் போகும். படிவத்தில் 'திசு' என்று மொட்டையாக எழுதினால் நாங்கள் எதை என்று தேடுவது? லிம்ஃபோமா சந்தேகம் இருந்தால் ஆய்வகத்துக்கு முன்கூட்டியே போன் போடுங்கள். ஒரு பகுதியை ஃபார்மலினில் (திசுவைக் கெடாமல் வைக்கும் திரவம்) போடாமல் ஈரமாகவே உடனே அனுப்பினால் கூடுதல் சோதனைகள் செய்யலாம்.

நான் கேட்பது இதுதான். அனுப்புவதையே வழக்கமாக்குங்கள்; அனுப்பாவிட்டால் காரணத்தை ஃபைலில் எழுதி, நோயாளியிடமும் சொல்லுங்கள். தனியார் மருத்துவமனை என்றால் எத்தனை வெள்ளி ஆகும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். செலவுக்குப் பயந்து வேண்டாம் என்பார்கள் என்று நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். ரிப்போர்ட் வந்ததும் அதை ஃபைலுக்குள் தூங்கவிடாமல் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

அத்தைக்குச் சிகிச்சை முடிந்து இப்போது பரவாயில்லை. ஆனால் வலது கண்ணிலும் நீர் வடிய ஆரம்பித்திருக்கிறது, அடுத்த மாதம் காட்டப் போகிறார். "போத்தலை நாமே வாங்கிட்டுப் போயிரலாமா?" என்று நேற்று கேட்டார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வகப் பணியாளன்,
பட்டர்வொர்த்