கொல்லம் ரயிலில் போன வாரம்

அன்புள்ள மாப்ளே,

நலம்தானே? இங்கே சாரல் நின்றுவிட்டது. என் முழங்கால் வலிதான் நிற்கவில்லை.

போன வாரம் பேரனைக் கூட்டிக்கொண்டு செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு ரயிலில் போய் வந்தேன். மீட்டர்கேஜ் காலத்தில் நாம் படியில் உட்கார்ந்து திட்டு வாங்குவோமே, அதே பாதைதான். 2010 செப்டம்பரில் நிறுத்தியதை அகலப்பாதையாக்கி முழுசாகத் திறக்க 2018 ஆகிவிட்டது. அந்த எட்டு வருஷமும் அக்கா வீட்டுக்கு பஸ்ஸில் குமட்டிக்கொண்டே போனேன்.

இப்போதும் மலை ஏற முன்னால் ஒரு இன்ஜின், பின்னால் தள்ள ஒரு இன்ஜின். பகவதிபுரம் தாண்டி குகைக்குள் நுழைந்ததும் பெட்டியில் இருந்த பிள்ளைகள் எல்லாம் "ஓ" என்று கத்தினார்கள். நாமும் கத்தியவர்கள்தானே! பேரனிடம் குகை முகப்பில் திருவிதாங்கூர் சங்கு முத்திரை உண்டு என்று சொன்னேன். "அது கேரளா ராஜாதானே, நம்ம ஊர்ப் பக்கம் எதுக்கு?" என்றான்.

சரியான கேள்வி. 1904இல் இந்தப் பாதை வந்தபோது செங்கோட்டையே அந்த ராஜாவின் ஊர்தானே. மலையைக் குடைந்தது அவருடைய சீமையின் இரண்டு பக்கத்தையும் சேர்த்தது. செங்கோட்டைக்காரரான வாஞ்சிநாதனுக்குப் புனலூர்க் காட்டிலாகாவில் வேலை. இதே ரயிலில்தான் வீட்டுக்கு வந்து போயிருப்பார் என்று நானாக நினைத்துக்கொள்வேன். 1956 நவம்பர் 1 அன்று செங்கோட்டை தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது, குகைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆரியங்காவு கேரளாவிலேயே தங்கிவிட்டது. ஒரே தாலுகாவை இரண்டாகப் பிரித்தார்கள். தண்டவாளம் மட்டும் போட்ட இடத்திலேயே கிடக்கிறது. அக்காவை அங்கே கட்டிக்கொடுத்தபோது வேறு மாநிலம் என்று அம்மாவுக்குத் தோன்றவே இல்லை. ரேஷன் கார்டு மாற்றும்போதுதான் புரிந்தது.

கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலத்தை உடைக்காமல் பலப்படுத்தி வைத்திருக்கிறார்கள். பேரன் வளைவுகளை எண்ண முயன்றான். ரயிலுக்குள்ளிருந்து எண்ண முடியுமா? கீழே ரோட்டில் நிற்கிறவனுக்குத்தான் அது தெரியும். திரும்பும்போது இறங்கிக் காட்டுவதாகச் சொல்லி ஏமாற்றிவிட்டேன், இன்னும் முறைக்கிறான்.

மார்கழியில் ஆரியங்காவு ஐயப்பனுக்குக் கல்யாணம். மதுரை சௌராஷ்டிரர்கள் பெண் வீட்டாராகச் சீர் கொண்டு வருவார்கள். நீயும் கிளம்பி வா. நாம் எந்த வீட்டார் என்பதை ரயிலில் பேசிக்கொள்ளலாம்.

அன்புடன்,
உன் பழைய படிக்கட்டுத் தோழன்