அந்த முள் தொட்டியைப் பார்ப்பதில்லை

சூலூர்,
9 நவம்பர் 2025

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நலம். மழைக்கு அம்மாவின் முழங்கால் வலி மட்டும் கொஞ்சம் கூடியிருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போது, "ஹாம்பர்க்கிலிருந்து போனதிலிருந்தே நீங்க சரியாப் பேசறதில்லப்பா" என்று குறைப்பட்டுக்கொண்டாய். கோபம் ஒன்றுமில்லை. போனில் சொல்லத் தொடங்கினால் நீ நடுவில் சிரித்துவிடுவாய், நானும் பேச்சை மாற்றிவிடுவேன் என்பதால்தான் எழுத்தில் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன்.

உன் அறையில் விமான சிமுலேட்டர் விளையாட்டுக்கான அந்த வி.ஆர். ஹெட்செட்டை என் தலையில் மாட்டிப் பட்டையை இறுக்கிவிட்டு, "பயப்படாதீங்க" என்று நீ சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கண்ணெதிரே காக்பிட் விரிந்ததும் சிரிப்பு நின்றுபோயிற்று. சோவியத் விமானங்களுக்கே உரிய அந்த நீலப்பச்சை நிறம், ரஷ்ய எழுத்துப் பொறித்த விளக்குகள், முன்பலகையின் நடுவே மேலிருந்து கீழாக ஓடும் வெள்ளைக்கோடு எல்லாம் அப்படியே இருந்தன. விமானம் சுழன்று விழும்போது திசை தெரியாமல் தவிக்கும் விமானி, ஸ்டிக்கை எந்த இடத்துக்குத் தள்ளினால் அது நடுநிலைக்கு வரும் என்று காட்டுவதற்காகப் போட்ட கோடு அது. 1996-ல் விமானப்படைச் சீருடையைக் கழற்றிய பிறகு 29 ஆண்டுகளாக நான் அதைப் பார்க்கவில்லை. பேட்டரி சுவிட்சைப் போட என் வலக்கை தானாகவே போயிற்று. போன கை உன் மேசையின் விளிம்பில் இடித்து, முட்டியில் தோல் உரிந்ததை நீ கவனிக்கவில்லை, நானும் சொல்லவில்லை. எஞ்சின் ஃபிட்டராக, கிரவுண்ட் ரன்னுக்காக, அதாவது தரையிலேயே எஞ்சினை ஓட்டிப் பார்ப்பதற்காக, அந்த இருக்கையில் எத்தனையோ தடவை உட்கார்ந்திருக்கிறேன். ஒரு தடவைகூடச் சக்கரம் தரையை விட்டு எழும்பியதில்லை.

முதல் நாள் பத்து நிமிடத்தில் எனக்கு வியர்த்துக் குமட்டியதற்கு வயதைக் காரணம் சொன்னாய். வயது மட்டும் காரணமில்லை. விமானம் புரள்கிறது என்று கண் சொல்கிறது. நாற்காலியில் அசையாமல் இருக்கிறோம் என்று உள்காது சொல்கிறது. இரண்டு சாட்சிகளும் முரண்பட்டால் வயிறுதான் அவதிப்படும். நீயும் சில நாள் தலைவலியோடு எழுந்து போனதைப் பார்த்தேன். குமட்டல் லேசாகத் தலைகாட்டும்போதே நிறுத்திவிடு. பல்லைக் கடித்துக்கொண்டு தொடராதே. மேசை விசிறியை முகத்துக்கு நேராக வைத்துக்கொள்வதும் உதவுகிறது. காட்சியின் பளபளப்பைக் குறைத்தாவது விநாடிக்கு 90 படம் தடங்கலின்றி ஓடும்படி வைத்துக்கொள். படம் திக்கினால் தலையும் கிறுகிறுக்கும்.

உன் பறத்தலைப் பற்றிச் சொல்கிறேன். நீ நன்றாகவே பறக்கிறாய். பாசத்தில் சொல்வதாக நினைத்துக்கொள்ளாதே. தட்டையான திரையில் எவ்வளவு பழகினாலும் வராத ஒன்று இந்த ஹெட்செட்டில் உனக்கு வந்திருக்கிறது. தரை எவ்வளவு கீழே இருக்கிறது என்று இரு கண்ணாலும் உணர முடிவதால், இறங்கும்போது மூக்கை எப்போது லேசாகத் தூக்க வேண்டும் என்பது உனக்குப் பிடிபட்டுவிட்டது. திரும்பும்போது தோளுக்குப் பின்னால் ஓடுபாதையைத் தேடிக் கழுத்தைத் திருப்புகிறாயே, மெய்யான விமானிகள் செய்வதும் அதைத்தான்.

ஆனால் நீ ஓட்டும் மிக்-21 பிஸ் போர்விமானம் மன்னிக்காத வண்டி. அந்தச் சின்ன முக்கோண இறக்கையை வைத்துக்கொண்டு, ஓடுபாதையின் முனையை மணிக்கு ஏறக்குறைய 340 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க வேண்டியிருக்கிறது. அந்த வேகத்துக்காவது இறங்க முடிகிறதென்றால், எஞ்சினின் கம்ப்ரசரிலிருந்து காற்றை எடுத்து, இறக்கையின் பின்விளிம்பில் கீழே மடியும் ஃபிளாப்பின் மேல் ஊதிவிடும் ஏற்பாடு இருப்பதால்தான். நீயோ ஓடுபாதையைக் கண்டதும் வந்து சேர்ந்துவிட்டோம் என்று எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை முழுதாகப் பின்னுக்கு இழுத்துவிடுகிறாய். எஞ்சின் தணிந்தால் ஊதும் காற்றும் தணியும். காற்று தணிந்தால் இறக்கையின் தூக்கும் வலிமை குறைந்து விமானம் பொத்தென்று விழும். சக்கரம் தரையைத் தொடும்வரை எஞ்சினைக் கையில் பிடித்துக்கொண்டே வா. இன்னொன்று, எஞ்சின்காரனின் வயிற்றெரிச்சல் என்றே வைத்துக்கொள்: ஆர்-25 எஞ்சினின் உந்துவிசை, பின்குழாயில் கூடுதல் எரிபொருளை எரிக்கும் சாதாரண ஆஃப்டர்பர்னரில் 6,850 கிலோ, தாழ்ந்த உயரத்தில் மட்டும் பயன்படுத்தும் அவசர நிலையில் அது 9,900 வரை போகும். அதற்கு மூன்று நிமிடம்தான் வரம்பு. நீ ஐந்து நிமிடம் வைத்திருந்தாய். எங்கள் காலமாக இருந்தால் அந்த எஞ்சினோடு ஒரு வாரம் நான் மல்லுக்கட்டியிருப்பேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, சனிக்கிழமை மாலை, நீ சிமுலேட்டரில் கருங்கடல் பக்கமிருந்து ஜார்ஜியா நாட்டின் பதூமி ஓடுபாதைக்கு வந்துகொண்டிருந்தாய். உன் ஹெட்செட்டுக்குள் தெரிவது மேசைத் திரையிலும் தெரிந்ததால், பின்னால் நாற்காலி போட்டு நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். எரிபொருள் குறைவு விளக்கு வெகுநேரமாக எரிந்துகொண்டிருந்தது. முள் ஏறத்தாழ 500 லிட்டர் இருப்பதாகக் காட்டியதால் நீ விளக்கைப் பொருட்படுத்தவில்லை. கரைக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கையில் எஞ்சின் அணைந்தது. ஃபிளாப்புக்குக் காற்றும் போயிற்று. விமானம் கடலில் விழுந்தது. நீ "ஐயோ" என்று சிரித்தாய். சிரிப்பு அடங்குவதற்குள் பொத்தானை அழுத்தி மறுபடி ஓடுபாதையில் நின்றாய். எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். தண்ணீர் குடிக்கப் போனதாக நினைத்திருப்பாய்.

அந்த விமானத்தின் எரிபொருள் முள் தொட்டியைப் பார்ப்பதில்லை, பாப்பா. தொட்டியில் இவ்வளவு இருக்கிறது என்று புறப்படும் முன் நாம் குமிழைத் திருகி ஒரு கணக்கு வைக்கிறோம். எஞ்சினுக்குப் போகப்போக அந்தக் கணக்கிலிருந்து அது கழித்துக்கொண்டே வரும். தப்பாக வைத்தால் தப்பையே கடைசிவரை நேர்மையாகக் காட்டிக்கொண்டிருக்கும். அதற்கு முந்தைய சார்டியில், அதாவது முந்தைய பறப்பில், வயிற்றுக்கடியில் 490 லிட்டர் கூடுதல் தொட்டியோடு போயிருந்தாய். அடுத்ததில் தொட்டியைக் கழற்றிவிட்டுக் கணக்கை மட்டும் பழையபடியே வைத்தாய். தொட்டிக்குள் இருப்பதை உண்மையாகப் பார்ப்பது அந்த விளக்குதான்; அதைத்தான் நீ நம்பவில்லை. ஏன் விழுந்தோம் என்று உனக்கு இன்றுவரை தெரியாது என்றே நினைக்கிறேன். அடுத்த சார்டியிலும் குமிழைத் திருகாமலே கிளம்பினாய்.

உன்னிடமும் அம்மாவிடமும் அதிகம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். விமானி இருக்கையில் ஏறி வாரைப் பூட்டியதும், ஏணியில் நிற்கும் டெக்னீஷியன், ஆபத்தில் விமானியை வெளியே எறியும் எஜெக்‌ஷன் சீட்டின் பாதுகாப்பு ஊசிகளைப் பிடுங்கி, சிவப்புத் துணி தொங்க அவர் கண்ணெதிரே காட்டுவான். அவர் தலையசைப்பார். நான் ஊசி காட்டி அனுப்பிய ஒரு பையன் திரும்பி வரவில்லை. அப்போது அவனுக்கு 24 வயது இருக்கலாம். அன்று காலை என்னிடம் தமிழில் "வணக்கம்" சொல்லப் பழகியிருந்தான். வர வேண்டிய நேரம் கடந்ததும், விமானங்களை நிறுத்தும் டிஸ்பர்சலில் யாரும் பேசவில்லை. சற்று நேரத்தில் நான் கையெழுத்திட்ட ஃபார்ம் 700 என்ற விமானப் பராமரிப்புப் பதிவேட்டை அதிகாரி ஒருவர் வந்து எடுத்து உறையிலிட்டு முத்திரை வைத்தார். விசாரணை மாதக்கணக்கில் நடந்தது. எஞ்சினில் கோளாறில்லை, என் வேலையில் குறையில்லை என்று முடிவாகும்வரை ஒவ்வொரு இரவும் அந்தக் காலை நான் முறுக்கிய ஒவ்வொரு பூட்டுக்கம்பியையும் மனதில் தடவிப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

அதனால் நீ சிரிக்கக் கூடாது என்று சொல்ல வரவில்லை. மறுபடி தொடங்க முடிவதுதான் சிமுலேட்டரின் வரம். வானில் ஒரு தடவைகூடப் பழகிப் பார்க்கத் துணியாத எஞ்சின் கோளாறை, ஐம்பது தடவை அணைத்து ஐம்பது தடவை பழகலாம். விமானப்படைகளே இதைக் கையிலெடுத்துவிட்டன. அமெரிக்க விமானப்படை 2018-ல் டெக்சாஸின் ஆஸ்டினில் இதே மாதிரி ஹெட்செட்டுகளை வைத்துப் புதிய விமானிகளுக்குப் பயிற்சி தரத் தொடங்கியது. நான் கேட்பது ஒன்றுதான். விழுந்தால் ஹெட்செட்டைக் கழற்று. ஒரு நோட்டை எடுத்து ஒரு பக்கம் எழுது: எந்த விளக்கு எப்போது எரிந்தது, அப்போது நீ எதைப் பார்த்துக்கொண்டிருந்தாய், எதை நம்பினாய். அதற்குப் பிறகு ஏறு. விழுந்த நாளில் திரும்பப் பறக்கவே கூடாது என்றுதான் முதலில் எழுதியிருந்தேன். அம்மா படித்துவிட்டு, "சனி ஞாயிறில்தான் புள்ளைக்கு நேரம் கிடைக்குது, ரொம்பப் பண்ணாதீங்க" என்றாள். அதனால் ஒரு பக்கத்தோடு விட்டுவிட்டேன்.

இன்னொரு பழக்கமும் உண்டு. புதிய விமானத்தில் தனியாக அனுப்புவதற்கு முன், இளம் விமானிகளைக் காக்பிட்டில் உட்காரவைத்துக் கைக்குட்டையால் கண்ணைக் கட்டிவிடுவார்கள். பெயர் சொல்லச் சொல்ல, தடுமாறாமல் அந்தச் சுவிட்சில் கை வைக்க வேண்டும். ஏணியில் நின்று எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். மூன்றாம் சுவிட்சிலேயே தடவ ஆரம்பிப்பவர்களும் உண்டு. உன் அறையில் நின்றபோது எனக்குத் தோன்றியது, இந்த ஹெட்செட்டும் அப்படியொரு கண்கட்டுத்தான். எல்லாம் தெரிகிறது, ஆனால் உன் கை உனக்குத் தெரிவதில்லை. அமெரிக்கரான எட்வின் லிங்க் அந்தக் காலத்தில் உருவாக்கிய விமானப் பயிற்சிப் பெட்டியிலும், மூடியைச் சாத்திவிட்டால் உள்ளே இருப்பவருக்குக் கருவிகள்தவிர வேறொன்றும் தெரியாது. அவருடைய குடும்பத்தின் ஆர்கன் தொழிற்சாலையில் பயன்பட்ட துருத்திகளே அந்தப் பெட்டியை ஆட்டின என்று படித்தபோது, ஹார்மோனியக்காரர் ஒருவர் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்த மாதிரி இருந்தது.

நீயோ சுவிட்சைப் போட மவுஸைத் தேடி மேசையைத் துழாவுகிறாய். அதற்கு எரிச்சல்பட்டுத் தானியங்கித் தொடக்கத்தை அழுத்திவிடுகிறாய். சுவிட்சுகளின் வரிசையை உன் கை கற்றுக்கொள்ளவே இல்லை. அந்தக் குமிழ் விட்டுப்போனதற்கும் காரணம் அதுதான்.

செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21-க்கு விடை கொடுத்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். 1963-ல் எந்த ஊரில் படையில் சேர்ந்ததோ அங்கேயே முடிந்தது. விடைபெற்றுப் பறந்தவர்களில் ஸ்குவாட்ரன் லீடர் பிரியா சர்மாவும் இருந்தார். 2010-ல், பிளஸ் டூ முடித்த கையோடு, போர்விமானம் ஓட்ட என்ன படிக்க வேண்டும் என்று நீ கேட்டதும், "பொண்ணுங்களுக்கு அதுல எடம் இல்ல கண்ணு, வேற பாரு" என்று நான் சொன்னதும் ஞாபகம் வந்தது. அன்று சொன்னதில் பொய்யில்லை. 2016-ல்தான் முதல் மூன்று பெண்கள் அந்தப் பிரிவுக்கு வந்தார்கள். 2018-ல் அவனி சதுர்வேதி மிக்-21-ஐத் தனியாக ஓட்டினார். அதற்குள் நீ ஜெர்மனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாய். பொய்யில்லைதான். ஆனாலும் கொஞ்சம் யோசித்துச் சொல்லியிருக்கலாம்.

பின்கட்டில் ஒட்டுப்பலகை அறுத்து வைத்திருக்கிறேன். வலப்பக்கப் பலகை ஒன்று செய்து அனுப்புவதாக இருக்கிறேன்: பேட்டரி, ஜெனரேட்டர்கள், எரிபொருள் பம்புகள் மூன்று, கூடவே அந்தக் கணக்குக் குமிழும். சுவிட்சுகளைக் கோவை டவுன்ஹால் கடைவீதியில் வாங்கிவிட்டேன். கம்ப்யூட்டரோடு இணைக்கும் யுஎஸ்பி அட்டையை மட்டும் நீ அங்கே வாங்கிக்கொள்; ஒயர்களுக்கு நிறம் பிரித்து எண் போட்டுவிடுகிறேன். இடைவெளிகளை ஞாபகத்திலிருந்தே குறித்தேன்; கை மறக்கவில்லை. உன் நாற்காலியில் நீ சாய்ந்து உட்கார்ந்த நிலையில், வலது தோளிலிருந்து மேசை விளிம்புவரையும், கைப்பிடியிலிருந்து தரைவரையும் எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து அனுப்பு. டேப்பை நீயே பிடிக்காதே, குனிந்தால் அளவு மாறும். வேறு யாரையாவது பிடிக்கச் சொல்.

அன்புடன்,
அப்பா