பாடச்சொல் பயமுறுத்தாது, நடுச்சொல்தான் படுத்தும்

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல். அம்மாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். இது முழுக்க நீ போனில் கேட்ட விஷயம்: இங்கே படிக்க வருவதற்குள் ஆங்கிலத்தை எப்படித் தேற்றுவது என்று.

இங்கே கட்டுரைகளைக் கொடுத்துவிட்டு, படித்து வந்து பேசு என்பார்கள். உன் துறைக் கலைச்சொற்களை நினைத்துப் பயப்படாதே, அவற்றை ஆசிரியரே விளக்கிவிடுவார். அஸ்யூம், இம்ப்ளை, கான்ஸ்டிட்யூட் மாதிரிச் சொற்களைத்தான் யாரும் விளக்க மாட்டார்கள். தெருவில் பேசும் ஆங்கிலத்திலும் இவை அதிகம் காதில் விழாது. ஆனால் எந்தத் துறைக் கட்டுரையை எடுத்தாலும் வாக்கியத்தைத் தாங்கி நிற்பவை இவைதான்.

பேச்சுச் சொல்லுக்கும் கலைச்சொல்லுக்கும் நடுவில் நிற்கும் இந்த நடுச்சொற்களை ஏற்கெனவே ஒருவர் பொறுக்கி வைத்திருக்கிறார். நியூசிலாந்து மொழியியலாளர் அவெரில் காக்ஸ்ஹெட் சுமார் 35 லட்சம் சொற்கள் கொண்ட கல்வி நூல்களையும் கட்டுரைகளையும் அலசி, 2000இல் 'அகடமிக் வேர்ட் லிஸ்ட்' வெளியிட்டார். அதில் 570 சொற்குடும்பங்கள். அனலைஸ், அனாலிசிஸ், அனலிட்டிகல் எல்லாம் சேர்ந்து ஒரே குடும்பம். அடிக்கடி வருவது முதலில் என்ற வரிசையில் பத்துப் பகுதிகள். முதல் ஒன்பதில் 60 வீதம், கடைசியில் 30. அவர் அலசிய எழுத்தில் முழுப் பட்டியலும் நூற்றுக்குப் பத்துச் சொற்களைத் தருகிறது. அந்தப் பத்தில் 6.6 முதல் மூன்று பகுதிகளிலிருந்தே வருகிறது. ஆகவே முதல் 180 குடும்பங்களைக் கெட்டியாகப் பிடி. பத்தாவது பகுதிக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே.

ஒன்று கவனி. ஆங்கில ஆசிரியர் மைக்கேல் வெஸ்ட் 1953இல் தொகுத்த சுமார் 2000 அடிப்படைச் சொற்களை விலக்கிவிட்டுத்தான் இந்தப் பட்டியல் போடப்பட்டது. அந்த அடிப்படைச் சொற்களில் ஓட்டை இருந்தால் முதலில் அதை அடை. இல்லாவிட்டால் மாடி கட்டிவிட்டு அஸ்திவாரம் தேடுகிற கதைதான்.

நாளுக்கு ஐந்து, வாரத்தில் ஐந்து நாள் போதும். ஏழெட்டு வாரத்தில் 180 முடிந்துவிடும். ஒரே நாளில் ஐம்பது படித்தால் மறுவாரம் ஐந்துகூட நிற்காது.

நோட்டில் ஒரு சொல்லுக்கு அரைப் பக்கம் விடு. தமிழில் பொருள் எழுதக் கூச்சப்படாதே, ஆனால் ஒற்றைச் சொல்லாக எழுதாதே. கன்சிடர், அஸ்யூம், ரிகார்ட் மூன்றுக்கும் 'கருது' என்று போட்டால் மூன்றும் குழம்பிவிடும். அஸ்யூமுக்கு 'ஆதாரம் கேட்காமல் உண்மையென்று எடுத்துக்கொள்' என்று எழுது. அடுத்து அதன் குடும்பம். அதற்கடுத்து, அந்தச் சொல் யாரோடு சேர்ந்து வரும் என்பது. இதுதான் உயிர். 'கன்க்ளூஷன்' என்ற பொருளில் முடிவை ஆங்கிலத்தில் 'எடுப்பது' கிடையாது, 'டிரா' செய்வார்கள். ஆய்வை 'கண்டக்ட்' செய்வார்கள். கட்டுரையில் கண்ட வாக்கியம் ஒன்று, உன் பாடத்தை வைத்து நீயே எழுதிய வாக்கியம் ஒன்று, அவ்வளவுதான்.

பிறகு மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், மூன்று வாரம் கழித்து என்று திரும்பப் பார். பொருளைக் கையால் மறைத்துக்கொண்டு நீயே சொல்லிப் பார்க்க வேண்டும். வெறுமனே வாசித்தால் எல்லாம் தெரிந்த மாதிரிதான் இருக்கும். பேனாவை எடுத்தால் ஒன்றும் வராது.

நம்மவர்கள் சறுக்கும் இடங்கள் சில உண்டு. 'பற்றி விவாதிப்பது' நம் வழக்கம் என்பதால் 'டிஸ்கஸ் அபௌட்' என்று எழுதிவிடுவோம்; அங்கே அபௌட் வரவே கூடாது. எவிடென்ஸ், இன்ஃபர்மேஷன், எக்விப்மென்ட் எதற்கும் பின்னால் 'ஸ்' ஒட்டாதே. உச்சரிப்பில் அழுத்தம் இடம் மாறும்: அனலைஸில் முதல் அசை, அனாலிசிஸில் இரண்டாவது, அனலிட்டிகலில் மூன்றாவது. தமிழில் அழுத்தம் மாறினாலும் பொருள் மாறாது என்பதால் நாம் இதைக் கவனிப்பதில்லை. எதிரில் இருப்பவர் "என்ன?" என்று திரும்பக் கேட்பது பெரும்பாலும் இதனால்தான்.

இதைவிட மோசமானது, அழகுக்காகச் சொல்லை மாற்றுவது. 'ஷோ' மூன்று முறை வந்துவிட்டதே என்று மூன்றாவதை 'ப்ரூவ்' ஆக்கினால் சிவப்பு மை நிச்சயம். தமிழில் 'நிரூபிக்கிறது' என்று சுலபமாகச் சொல்லிவிடுவோம். இங்கே சிறு ஆய்வு எதையும் நிரூபிக்காது. 'சஜெஸ்ட்' செய்யும், சற்று வலுவாக இருந்தால் 'இண்டிகேட்' செய்யும். ப்ரூவ் என்பதைக் கணிதத் தேற்றத்துக்கு விட்டுவிடு. 'சிக்னிஃபிகண்ட்' இன்னொரு கண்ணி. பேச்சில் அது 'குறிப்பிடத்தக்க'. புள்ளியியலில் அப்படியில்லை; ஒரு சோதனை செய்து, பி மதிப்பு (உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் இப்படியொரு முடிவு தற்செயலாக வரும் வாய்ப்பு) முன்கூட்டியே வைத்த வரம்புக்குள், பெரும்பாலும் 0.05க்குள், இருந்தால்தான் அந்தச் சொல். வித்தியாசம் பெரிதா சிறிதா என்பதை அது சொல்வதே இல்லை.

படிக்கும்போது தெரியாத சொல்லை ஊகிக்கலாம்தான். ஆனால் 300 சொல் கொண்ட பக்கத்தில் ஐந்தாறு தெரியாவிட்டால் ஊகம் ஓடும், பதினைந்து தெரியாவிட்டால் ஊகமே பொய்யாகும். அப்படிப்பட்ட கட்டுரையை ஒதுக்கிவிட்டு, அதே தலைப்பில் எளிதாக எழுதியதை முதலில் படி.

முதல் வாரத்து 25 சொற்களையும் எழுதியதும் நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு. நீ சொந்தமாக எழுதிய வாக்கியங்களை மட்டும் திருத்தித் தருகிறேன். பொருளை அகராதியில் நீயே சரிபார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா