ஒரேயொரு சனிக்கிழமை தாருங்கள்: எங்கள் தமிழ் வகுப்பு நிர்வாகசபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகசபையினருக்கு,

வணக்கம். சென்ற கூட்டத்தில் நடந்ததை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பிள்ளைகளின் சுற்றுலா மூன்றாவது வருஷமாகவும் டிஸ்னிலாண்டுக்கே என்று முடிவாயிற்று. பாரிசுக்குப் பக்கத்தில் நாங்கள் இருக்கிற சென் டெனியின் பசிலிக்காவுக்கு, அந்தப் பழைய பெரிய தேவாலயத்துக்கு, ஒருமுறை கூட்டிப்போகலாமே என்று கேட்டேன். "சுடலைக்கோ ஐயா பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போறது?" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். படி இறங்கும்போதுதான் சுட்டது.

சுடலைதான், மறுக்கவில்லை. பிரான்சின் 42 அரசர்களும் 32 அரசிகளும் அடக்கமான சுடலை. மடாதிபதி சூஜெர் கட்டுவித்து 1144இல் திறந்துவைத்த அதன் பின்பகுதியில்தான் கூர்வளைவும் பெரிய கண்ணாடிச் சன்னலுமான கோதிக் கட்டடக்கலையே பிறந்தது என்பார்கள். பாரிசின் நோத்ர-டாம் தேவாலயம் அதற்குப் பிந்தியது. ஊரிலிருந்து வருகிற விருந்தாளிகளை நோத்ர-டாமுக்கு மட்டும் தவறாமல் கூட்டிப்போகிறோம்.

20 வருஷமாகச் சந்தையில் மீனும் வெண்டிக்காயும் வாங்கிக்கொண்டு பசிலிக்கா வாசலால் போய்வந்தவன் நான். உள்ளே கால் வைத்தது பென்சனுக்குப் பிறகு. ஆகவே உங்களைக் குறை சொல்ல எனக்கும் அரை உரிமைதான்.

ஆனால் போன மாதம் பேரனின் கொப்பியைப் பார்த்தேன். 'எனது ஊர்' கட்டுரை. "எனது ஊர் சென் டெனி. இங்கே பெரிய காற்பந்து மைதானம் இருக்கிறது. வேறு பார்க்க ஒண்டும் இல்லை." மூன்றே வரி. 'ஒண்டும்' என்பதை 'ஒன்றும்' என்று சிவப்பு மையால் திருத்தி, பக்கத்தில் சரி போட்டிருந்தது. திருத்த வேறொன்றும் தென்படவில்லையா?

அடுத்த நாளே அவனைக் கூட்டிப்போனேன். 12ஆம் லூயியின் கல்லறை. மேல்தட்டில் அரசனும் ஆன் அரசியும் முழந்தாளிட்டுக் கும்பிடுகிறார்கள். கீழே அதே இருவரும் பிணமாக, வெற்றுடம்பாக, பளிங்கில் கிடக்கிறார்கள். வயிற்றில் தையல். உடல் கெடாமலிருக்கக் குடலை எடுத்துவிட்டு மூடிய தையல். சிற்பி அதையும் விடவில்லை. பேரன் விரலால் காற்றிலே அந்தத் தையலைக் கீறிப்பார்த்தான். "அப்பப்பா, ராசாவுக்கும் இப்பிடியோ?" 1793இல் பிரெஞ்சுப் புரட்சிக்காரர் இந்தக் கல்லறைகளைத் திறந்து எலும்புகளைக் குழியில் கொட்டிய கதையையும் சொன்னேன். மெற்றோ வரைக்கும் பேச்சில்லை. டிஸ்னிலாண்டிலிருந்து அவன் அப்படி வந்ததில்லை. (வெற்றுடம்புக்குத்தான் பயமென்றால் சொல்லுங்கள், அந்த மூலையைத் தவிர்த்துவிடலாம்.)

நான் கேட்பது ஒரேயொரு சனிக்கிழமை. 18 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கல்லறைப் பகுதியிலும் கட்டணமில்லை. பிறகு பக்கத்து நூதனசாலை. 15ஆம் லூயியின் மகள் அரண்மனையை விட்டுத் துறவியாகச் சேர்ந்த கார்மல் கன்னியர் மடமாக முன்பு இருந்த இடம் அது. 1871இல் பாரிஸ் மக்கள் அரசை எதிர்த்து நடத்திய கொம்யூன் எழுச்சியின் சுவரொட்டிகள் அங்கே இருக்கின்றன. 1895இல் இதே ஊரில் பிறந்த கவிஞர் போல் எலுவாரின் பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள். ஆண்டு விழாவில் பேச்சாளருக்குப் பேச்சாளர் பொன்னாடை போர்த்துகிறோமே, எங்கள் ஊர்க் கவிஞரின் ஒரு வரியாவது மேடையேறியதா? தொலைக்காட்சியில் சென் டெனி என்றால் பொலிஸ் வாகனமும் எரிகிற குப்பைத்தொட்டியும். வீட்டில் 'இந்தப் பக்கம் சரியில்லை'. வகுப்பிலும் மௌனம். பிறகு பிள்ளை மூன்று வரிதானே எழுதும்.

ஊரில் கோபுரம் எழும்பினால் ரசீதுப் புத்தகத்தோடு கதவைத் தட்டுகிறீர்கள். நல்லது, நானும் தந்திருக்கிறேன். இங்கே பசிலிக்காவில் 1846இல் கழற்றி இறக்கிய வடகோபுரத்தின் உச்சியைத் திரும்பக் கட்டுகிறார்கள். அண்ணாந்து பார்க்கக் காசு வேண்டாம்.

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், மன்னியுங்கள். டிஸ்னிலாண்டை நிறுத்தச் சொல்லவில்லை. அதோடு கூட ஒரு சனிக்கிழமை, வகுப்பு நேரத்திலேயே. பிள்ளைகளுக்குச் சாப்பாட்டுப் பொதி நான் கட்டித் தருகிறேன். 30 வருஷம் குசினியில் நின்றவன். அடுத்த கூட்டத்தில் இதை நிகழ்ச்சி நிரலில் சேர்க்கும்படி தயவாய்க் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மூன்றாம் வகுப்பு மாணவன் ஒருவனின் அப்பப்பா