நீலக் கவசம் போட்டவரெல்லாம் லெப்டினன்ட் இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் ஸ்டார் வார்ஸ் படங்களில் வரும் வீரர்களை வகைவகையாகப் பிரித்து முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். தமிழில் இதைப் பார்த்ததே எனக்குப் பெரிய சந்தோஷம், அதனால்தான் மெனக்கெட்டு எழுதுகிறேன். என் பையன் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து பீரோ கதவில் ஒட்டினான். ஒட்டின கையோடு வந்து, "அப்பா, அப்போ 501-ல இருக்கிற எல்லாருமே லெப்டினன்டா?" என்று கேட்டான்.

501 என்பது நீலக் கவசம் போட்ட ஒரு படைப்பிரிவு, அதனால் அவன் கேட்டதில் தப்பே இல்லை. பச்சை சார்ஜென்ட், நீலம் லெப்டினன்ட், சிவப்பு கேப்டன், மஞ்சள் கமாண்டர் என்று போட்டிருக்கிறீர்கள், 2002-ல் வந்த படத்துக்கு அது சரிதான், போர் தொடங்கிய சமயத்தில், ஒரே மனிதனின் நகலாக வளர்க்கப்பட்ட குளோன் வீரரின் கவச நிறம் பதவியைத்தான் சொன்னது. 2005 படத்துக்கு வந்தால் நிறம் படைப்பிரிவைச் சொல்கிறது. 501-க்கு நீலம், கமாண்டர் கோடியின் 212-க்கு ஆரஞ்சு. இரண்டு காலத்தையும் ஒரே அட்டவணையில் கலந்ததால் வந்த குழப்பம் இது.

அப்புறம், உடுப்பை வைத்தே பிரித்திருக்கிறீர்கள். பாலைவன வீரரைத் தனி வகையாக்கியிருக்கிறீர்கள், ஆனால் 1977 படத்தில் டாட்டூயின் என்ற பாலைவனக் கிரகத்தில் வருகிறவரைக் கவனித்துப் பாருங்கள்: ஸ்டார்ம்ட்ரூப்பர், அதாவது பேரரசின் சாதாரணப் படைவீரர், போடும் அதே வெள்ளைக் கவசம்தான், புழுதி படிந்திருக்கும், ஒரு தோளில் பட்டை, முதுகில் மூட்டை மாதிரி ஒரு பெட்டி, அவ்வளவுதான். ஹோத் என்ற பனிக் கிரகத்தில் வரும் பனி வீரருக்குத் தலைக்கவசமே வேறு, முகத்திலிருந்து நெஞ்சுவரை துணி தொங்கும், இருந்தாலும் 1980-ல் கென்னர் நிறுவனம் அவரைப் பொம்மையாக விற்றபோது 'ஹோத் போர் உடையில் ஸ்டார்ம்ட்ரூப்பர்' என்றுதான் பெயர் வைத்தது. இவர்கள் இருவரையும் ஸ்டார்ம்ட்ரூப்பருக்குக் கீழே உட்பிரிவாக வைப்பதுதான் நியாயம் என்பது என் கருத்து.

ஸ்கவுட் ட்ரூப்பர் கதை வேறு. எண்டோர் காட்டில் ஸ்பீடர் பைக்கில் பறந்து வேவு பார்க்கிறவர் அவர், உட்கார்ந்து ஓட்ட வேண்டுமே, அதனால் தொடையில் தகடு கிடையாது. வேலையே வேறு என்பதால் அவருக்குத் தனி வகை கொடுத்தது சரி. டை ஃபைட்டர் என்ற பேரரசின் போர் விமானத்தை ஓட்டுகிறவரை 'கறுப்பு ஸ்டார்ம்ட்ரூப்பர்' என்று எழுதியதை மட்டும் என்னால் விட முடியவில்லை. அவர் விமானி. அந்தச் சாதாரண டை விமானத்துக்குள் மூச்சுவிடக் காற்று வசதியே கிடையாது, அதனால்தான் முகமூடியிலிருந்து நெஞ்சுப் பெட்டிக்கு இரண்டு குழாய் போகிறது. கறுப்பு நிறத்தைப் பார்த்தவர்கள் அந்தக் குழாயைப் பார்க்கவில்லை.

கடைசியாக, குளோன்களை 'இயந்திர வீரர்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். இது மனசுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. ஜாங்கோ ஃபெட் என்ற மனிதனின் மரபணுவிலிருந்து கமினோ கிரகத்தில் இரட்டை வேகத்தில் வளர்க்கப்பட்டவர்கள் அவர்கள், ரத்தமும் சதையும் உள்ளவர்கள். இயந்திரப் படை எதிரில் நின்றது. சிடி-7567 என்று எண் கொடுக்கப்பட்டவருக்கு ரெக்ஸ் என்றொரு பெயர் உண்டு. பின்னால் பேரரசுக்காகச் சேர்க்கப்பட்டவர்கள்தான் ஸ்டார்ம்ட்ரூப்பர்கள், பெரும்பாலும் சாதாரண மனிதர்கள்.

யார், என்ன வேலை, எந்தப் படை, அதற்கப்புறம் நிறம் என்று இந்த வரிசையில் பிரித்து அட்டவணையைத் திருத்திப் போடுங்கள். முடிந்தால் அதே அளவில் போடுங்கள், பழையதை எடுத்துவிட்டு அதே இடத்தில் ஒட்டிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்