'அடைப்பு நீக்கப்பட்டது' என்று எழுதலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு மருத்துவமனை ஒன்றில் இருபத்தொன்பது ஆண்டுகள் மருந்தாளுநராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். அரசியல் தலைவரோ திரைக் கலைஞரோ நெஞ்சுவலியால் மருத்துவமனையில் சேர்க்கப்படும்போதெல்லாம் தங்கள் இதழிலும் பிற இதழ்களிலும் ஏறத்தாழ ஒரே வாக்கியம் வருகிறது: இதய ரத்தக் குழாயில் இருந்த அடைப்பு நீக்கப்பட்டு, ஸ்டென்ட் பொருத்தப்பட்டு, அவர் பூரண நலத்துடன் வீடு திரும்பினார். இதில் உள்ள 'நீக்கப்பட்டு' என்ற சொல்லைப் பற்றித்தான் இக்கடிதம். அதை அப்படியே நம்பி மாத்திரையை நிறுத்தியவர்களை மருந்து வழங்கும் சன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று பலமுறை பார்த்திருக்கிறேன். என் குடும்பத்திலும் பார்த்துவிட்டேன்.

பெருந்தமனி இதயத்தை விட்டுக் கிளம்பும் இடத்திலேயே கிளைத்து, இதயத்தின் மேற்பரப்பில் படர்ந்து, இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுசெல்பவை கரோனரி தமனிகள். தண்ணீர்க் குழாயில் உப்புப் படிவதுபோல இவற்றின் உட்புறத்தில் கொழுப்பு ஒட்டிக்கொள்வதாகவே பெரும்பாலோர் எண்ணுகிறார்கள். உப்பு குழாயின் மேல் படிகிறது. கொழுப்போ தமனியின் மெல்லிய உட்தோலுக்கு அடியில், சுவருக்குள்ளேயே சேர்கிறது. எல்.டி.எல். எனப்படும் கொழுப்புத் துகள்கள் சுவருக்குள் புகுந்து தங்குவதும், அங்கே அழற்சி உண்டாவதும், அதன்மேல் ஒரு மூடி உருவாவதும் இருபது முப்பது ஆண்டுகள் ஓசையின்றி நடக்கும் வேலை. புகைப்பழக்கம், சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம் ஆகியவை அதை விரைவுபடுத்துகின்றன. குழாய் வெகுவாகச் சுருங்கியபின் மாடிப்படி ஏறும்போதோ வேகமாக நடக்கும்போதோ நெஞ்சு இறுகி, நின்றால் விடுகிறது. திடீர் மாரடைப்பு பெரும்பாலும் வேறு விதமாக வருகிறது. மூடி கிழிந்து, உள்ளே இருக்கும் கொழுப்பு ரத்தத்தைத் தொட்டவுடன் ரத்தம் உறைந்து, சில நிமிடங்களில் குழாய் முழுவதும் அடைபட்டுவிடுகிறது. பாதி அளவுகூடச் சுருங்காத இடத்திலும் இப்படிக் கிழியலாம் என்பது கவனிக்கத்தக்கது.

இனி 'நீக்குவது' என்ன என்று பார்ப்போம். 1977 செப்டம்பரில் சூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் என்ற மருத்துவர் முதன்முதலாக ஒரு நோயாளியின் கரோனரி தமனிக்குள் சிறு பலூனைச் செலுத்தி ஊதிச் சுருக்கத்தை விரித்தார். இன்றும் அடிப்படை அதுதான். பலூன், படிவைச் சுவரோடு சேர்த்து அழுத்துகிறது. ஸ்டென்ட் என்னும் உலோக வலைக்குழாய் அது மீண்டும் உள்ளே சரியாமல் தாங்கிப் பிடிக்கிறது. பெரும்பாலான சிகிச்சைகளில் எதுவும் சுரண்டி வெளியே எடுக்கப்படுவதில்லை. பைபாஸ் அறுவையும் அடைப்பைத் தொடுவதில்லை. அது ஒரு மாற்றுப் பாதை. 1975ஆம் ஆண்டு பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம். செரியன் நம் நாட்டின் முதல் பைபாஸ் அறுவையைச் செய்தார் என்பது தமிழ்நாட்டுக்குப் பெருமை. ஆனால் காலிலிருந்து எடுத்துப் பொருத்தப்படும் சிரைகளில் ஏறத்தாழ பாதி, பத்தாண்டுகளில் அடைபட்டுவிடுகின்றன. நெஞ்சின் உட்சுவரிலிருந்து எடுத்து இணைக்கப்படும் தமனியே நெடுங்காலம் நிற்கிறது. ஆக, எந்தச் சிகிச்சை செய்தாலும் நோய் தமனிச் சுவர்களில் இருந்துகொண்டே இருக்கிறது. பலூன் தொட்ட இடம் ஒன்றோ இரண்டோ. நோயோ பெரும்பாலும் கரோனரி தமனிகளில் நெடுகப் பரவியிருக்கும்.

என் தங்கையின் கணவர் அரிசி மண்டி வைத்திருக்கிறார். ஐம்பத்து நான்காம் வயதில் மாரடைப்பு வந்து, உரிய நேரத்தில் ஸ்டென்ட் பொருத்தப்பட்டு, நன்றாகத் தேறினார். ஐந்தாவது மாதம் பல்வலி. ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு பல்லைப் பிடுங்கினால் ரத்தம் நிற்காது என்று கடைக்கு வந்த யாரோ சொல்ல, எவரையும் கேட்காமல் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் இரண்டையும் நிறுத்தினார். பல்லும் பிடுங்கப்பட்டது; புண்ணும் ஆறிற்று. மாத்திரையை மட்டும் மறுபடி தொடவில்லை. தங்கை கேட்டதற்கு, "அடைப்பைத்தான் எடுத்தாச்சே, இன்னும் எதுக்கு?" என்றாராம். ஒரு விடியற்காலையில் சட்டை நனைய வியர்த்து, நெஞ்சைப் பிடித்தபடி கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்திருந்தது. உயிர் பிழைத்தார். ஆனால் இதயம் ரத்தத்தை வெளியேற்றும் திறன் 55 சதவீதத்திலிருந்து 35 சதவீதமாகக் குறைந்துவிட்டது. மூட்டையைத் தோளில் ஏற்றியவர் இப்போது மொட்டைமாடிக்குப் போக இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறார். அன்று அவர்கள் வீட்டு அலமாரியிலிருந்த பிளாஸ்டிக் பையைத் திறந்து, தொழில் பழக்கத்தால் எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டு நாள் மாத்திரைகள் அட்டையில் குழி உடையாமல் அப்படியே இருந்தன. அந்த அட்டையை என்னால் மறக்க முடியவில்லை.

புதிதாகப் பொருத்திய உலோகத்தின் மேல் உட்தோல் படர்ந்து மூடும்வரை ரத்தத்திற்கு அது அந்நியப் பொருள்தான். அதனால்தான் மாரடைப்புக்குப் பின் ஸ்டென்ட் பொருத்தியவர்களுக்குப் பொதுவாக ஓராண்டுக்கு இரண்டு மாத்திரைகளும், அதன்பின் பெரும்பாலும் அவற்றில் ஒன்று வாழ்நாள் முழுவதும் தரப்படுகின்றன. ரத்தக்கசிவு வாய்ப்பு அதிகமுள்ளவர்களுக்கு இந்தக் காலத்தை மருத்துவர் குறைப்பதும் உண்டு. அது அவர் எடுக்க வேண்டிய முடிவு. பல் பிடுங்குவதற்குப் பெரும்பாலும் மாத்திரையை நிறுத்தவே தேவையில்லை. பஞ்சை வைத்து அழுத்திக் கடித்தால் ரத்தம் நின்றுவிடும். கொழுப்பு மாத்திரை எனப்படும் ஸ்டாட்டினைப் பற்றிய தவறான எண்ணம் இதைவிடப் பெரியது. பரிசோதனையில் கொழுப்பின் அளவு சரியாக இருக்கிறது என்று காட்டி, இனி இது வேண்டாம்தானே என்று கேட்டவர்கள் கணக்கில்லை. அளவு சரியாக இருப்பதே மாத்திரையினால்தான். மாரடைப்பு வந்தவருக்கு எல்.டி.எல். 70 மில்லிகிராமுக்குக் கீழே, இயன்றால் 55க்கும் கீழே இருக்க வேண்டும் என்பதே இன்றைய வழிகாட்டுதல். ஆய்வகத் தாளில் 'இயல்பு' என்று அச்சிட்டிருக்கும் எண் அவருக்குப் பொருந்தாது. உடலில் உள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியைக் கல்லீரல் முதலான உறுப்புகளே உற்பத்தி செய்வதால், முட்டையையும் நெய்யையும் விட்டுவிட்டேன் என்பது மட்டும் போதுவதில்லை. அந்த உற்பத்தியைக் குறைப்பதோடு, தமனிச் சுவரில் இருக்கும் படிவின் மூடி எளிதில் கிழியாதவாறு உறுதிப்படுத்துவதும் ஸ்டாட்டினின் பயன். தசைவலி வந்தால் மருத்துவரிடம் சொல்லி அளவையோ மருந்தையோ மாற்றிக்கொள்ளலாம். இதயத் துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரைகளைத் திடீரென நிறுத்துவதோ இன்னும் ஆபத்து.

இதை எழுதுவதால் ஸ்டென்டைக் குறைத்துச் சொல்கிறேன் என்று எவரும் எண்ணக் கூடாது. மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும் வேளையில் அடைபட்ட குழாயை விரைந்து திறப்பதைப்போல உயிர்காக்கும் சிகிச்சை வேறில்லை. நிலையாக இருக்கும் நோய்தான் வேறு. நடந்தால் மட்டும் நெஞ்சு இறுகுபவர்களிடம் நடத்தப்பட்ட இரண்டு பெரிய ஆய்வுகளில், அதாவது 2,287 பேரைக் கொண்டு 2007இல் வெளிவந்த கரேஜ் ஆய்விலும், 5,179 பேரைக் கொண்டு 2020இல் வெளிவந்த இஸ்கீமியா ஆய்விலும், முறையான மருந்துகளோடு ஸ்டென்டோ பைபாஸோ சேர்த்தவர்களுக்கும் மருந்துகளை மட்டும் எடுத்தவர்களுக்கும் மரண விகிதத்தில் வேறுபாடு காணப்படவில்லை. நெஞ்சுவலி குறைவதில் பயன் இருந்தது உண்மை. இடது முதன்மைத் தமனியே சுருங்கியிருப்பவர்களைப்போல விதிவிலக்குகளும் உண்டு. ஆனாலும் "எத்தனை சதவீதம் அடைப்பு?" என்று கேட்டுப் பதறி, நகையை அடகு வைக்க ஓடும் குடும்பம், சில நாள் நிதானித்து இரண்டாவது மருத்துவரிடம் கேட்பதில் தவறில்லை. 2017 பிப்ரவரியில் மருந்து பூசிய ஸ்டென்டின் விலைக்கு 29,600 ரூபாய் என்று மத்திய அரசு உச்சவரம்பு விதித்தபோது அது பெரிய செய்தியாயிற்று. வரவேற்க வேண்டிய செய்திதான். அந்த ஸ்டென்டைத் திறந்து வைத்திருக்கும் மாத்திரைகள் அரசு மருத்துவமனையில் விலையின்றிக் கிடைப்பதும் அதே அளவுக்குச் செய்தியாகியிருக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நெஞ்சில் பாரம் ஏறினால் நம் வீடுகளில் முதலில் வரும் சொல் 'வாயு'. ஓமத் தண்ணீர், இஞ்சிச் சாறு, சோடா என்று ஒவ்வொன்றாகக் குடித்துப் பார்த்து, இரவு முழுவதும் காத்திருந்து, விடிந்தபின் வருகிறார்கள். அதற்குள் இதயத் தசையில் ஒரு பகுதி இறந்துவிடுகிறது. சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சுத்திணறல், மேல்வயிற்று எரிச்சல், காரணமில்லாத வியர்வை, தாடையில் இறுக்கம் என்று மட்டும் வரக்கூடும். முதலில் எடுத்த இ.சி.ஜி. சரியாக இருந்தாலும் அறிகுறி நீடித்தால் மீண்டும் எடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2023 ஜூன் முதல் 'இதயம் காப்போம்' திட்டத்தின்கீழ் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் ஆகியவை சேர்ந்த 14 மாத்திரைகள் முதல் தவணையாக வைக்கப்பட்டு, அவற்றைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் ஏற்பாடு இருக்கிறது. சுமார் 17,000 மாரடைப்பு நோயாளிகளிடம் நடத்தி 1988இல் வெளியிட்ட ஆய்வில், உடனே தொடங்கிய ஆஸ்பிரின் மட்டுமே முதல் ஐந்து வாரத்து இதய, ரத்தக்குழாய் நோய் மரணங்களைக் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு குறைத்தது என்பதை நினைத்தால் இந்தத் திட்டத்தின் அருமை விளங்கும். 108ஐ அழைத்துவிட்டு அருகில் உள்ள நிலையம் எது என்று கேட்டால் போதும். இதைத் தெரிந்து வைத்திருப்பவர்கள் எங்கள் தெருவிலேயே நான்கைந்து வீட்டார்தான்.

தங்களிடம் என் வேண்டுகோள் சிறியது. 'அடைப்பு நீக்கப்பட்டது' என்பதற்கு மாற்றாகச் 'சுருங்கியிருந்த ரத்தக் குழாய் விரிக்கப்பட்டு ஸ்டென்ட் பொருத்தப்பட்டது' என்று எழுதலாம். இடத்தைப் பொறுத்தவரை நான்கு சொற்கள்தான் கூடும். 'பூரண நலம்' என்பதற்குப் பின் 'மருந்துகளைத் தொடர்ந்து எடுத்துக்கொள்வார்' என்று சேர்க்கலாம். இதயத் துடிப்பு நின்றுபோவதையும் மாரடைப்பையும் ஒன்றாக எழுதாமல் இருந்தால் இன்னும் நல்லது. முன்னதில் நெஞ்சை அழுத்தி உடனே உயிர்ப்பிக்க வேண்டும், பின்னதில் நினைவோடு இருக்கும் நோயாளியை நடக்கவிடாமல் உட்கார வைத்து அழைத்துச் செல்ல வேண்டும்.

மருத்துவமனைகளுக்கும் தங்கள் வாயிலாக ஒன்று கேட்கிறேன். நோயாளி வீடு திரும்பும்போது தரும் சுருக்க அறிக்கை நான்கைந்து பக்கங்களுக்கு முழுக்க முழுக்க ஆங்கிலத்தில் இருக்கிறது. அதன் கடைசியில் மாத்திரைகளின் பெயரும், அவை எதற்கு, எந்தத் தேதிவரை என்பதும், யாரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது என்பதும் தமிழில் எழுதப்பட்டிருக்க வேண்டும். என் தங்கை ஐந்தாம் வகுப்புவரை படித்தவள்; தமிழ் எழுத்தைக் கூட்டிப் படிப்பாள். அந்த அலமாரியில் அப்படி ஒரு தாள் இருந்திருந்தால் பல்வலி வந்த அன்றைக்கே அதை எடுத்துக் கணவரிடம் காட்டியிருப்பாள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மருந்தாளுநர் ஒருவர்,
தஞ்சாவூர் மாவட்டம்.