முப்பது வரை எண்ணாத தங்கை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினத்துக்கு நீங்கள் போட்டிருந்த சிறப்புப் பக்கத்தை இரண்டு முறை படித்தேன். அம்மாக்கள் பேசியிருந்தார்கள், மருத்துவர் பேசியிருந்தார், மாற்றுத்திறனாளிகளே தங்கள் கதையைச் சொல்லியிருந்தது எல்லாவற்றையும்விட நன்றாக இருந்தது. ஆனால் அந்தக் குடும்பப் படங்களில் ஓரமாக நிற்கிற அக்கா தம்பிகளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்படி ஓரமாக நின்று வளர்ந்தவள் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

என் அண்ணனுக்குப் பெருமூளை வாதம், மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் தசைகள் இறுகிப்போகும் நிலை. என்னைவிட மூன்று வயது மூத்தவன். தினமும் ராத்திரி அவன் காலை நீட்டிப் பிடிக்கும் பயிற்சி உண்டு. மல்லாக்கப் படுக்கவைத்து, ஒரு கையால் முழங்கால் மடங்காமல் அழுத்திக்கொண்டு, இன்னொரு கையால் குதிகாலைப் பிடித்து, பாதத்தை என் முன்கையால் அவன் பக்கமாகத் தள்ள வேண்டும். முப்பது எண்ணும்வரை விடக் கூடாது, காலுக்குப் பத்து தடவை. அம்மாவுக்கு முதுகுவலி வந்தபிறகு, ஒன்பது வயதிலிருந்து அது என் வேலை. முதலில் அந்தக் கால் கம்பி மாதிரி விறைத்து நிற்கும், இருபதைத் தாண்டும்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாக இளகி என் கைக்கு வழிவிடும். பல ராத்திரி நான் அதுவரை போனதே இல்லை. மறுநாள் பரீட்சை இருக்கும், கண் சொருகும், சத்தமாக எண்ணிக்கொண்டே வருவேன்: பதினேழு, பதினெட்டு, முப்பது.

அவனுக்குப் பதினான்கு வயதானபோது குதிகால் தசைநாணை நீட்ட ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். நான் தாவிவிட்ட எண்களுக்காகத்தான் அவன் காலில் கத்தி வைக்கிறார்கள் என்று முடிவு செய்துகொண்டேன். கட்டுப் போட்ட காலோடு அவன் படுத்திருந்த நாட்களில் அந்த அறைக்குள் போகவே கால் வரவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை.

அதன்பிறகு வந்த எல்லாம் இதன்மேலேயே ஏறி உட்கார்ந்தன. சைக்கிள் கற்றுக்கொண்டபோது அவன் ஜன்னலிலிருந்து தெரியாத தெருவாகப் பார்த்து ஓட்டினேன். ஓட்டப்பந்தயத்தில் வாங்கிய கோப்பை ஒரு வருஷம் துணி அலமாரியின் அடியில் கிடந்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் "இனி நீதான் அவனுக்கு எல்லாம்" என்பார்கள், தலையாட்டுவேன், இவன் இல்லாமல் இருந்தால் வீடு எப்படி இருந்திருக்கும் என்று ஒரு நிமிஷம் நினைத்துவிடுவேன், அப்புறம் அப்படி நினைத்ததற்காகவே அன்று ராத்திரி நாற்பது வரை எண்ணுவேன்.

அப்பா அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன், அவர்களுக்கு மூச்சுவிட நேரம் இருந்ததில்லை. ஆனால் அவனுக்கு ஏன் இப்படி என்று ஒருவராவது எனக்கு உட்கார்ந்து சொல்லியிருக்கலாம். காரணம் சொல்லாவிட்டால் பிள்ளைகள் தாங்களே ஒரு காரணம் கண்டுபிடிப்பார்கள், அதில் பெரும்பாலும் தாங்கள்தான் குற்றவாளி. முப்பது வயதுக்குமேல்தான் ஒரு பிசியோதெரபிஸ்ட் எனக்கு விளக்கினார். மூளையில் ஏற்பட்ட பாதிப்பு கூடுவதில்லை, ஆனால் பிள்ளை வளர வளர எலும்பு நீளும் வேகத்துக்கு இறுகிய தசை ஈடுகொடுக்காது, ஒருநாள் விடாமல் பயிற்சி செய்த பிள்ளைகளுக்கும் அந்த ஆபரேஷன் தேவைப்படுவதுண்டு என்றார். ஐந்து நிமிஷப் பேச்சு. அதைப் பதினொரு வயதில் கேட்டிருந்தால் என்று நினைக்கும்போது இப்போதும் தொண்டை அடைக்கிறது.

இது யாருக்கும் தெரியாத விஷயமும் இல்லை. டான் மேயர் என்பவர் 1982-லேயே அமெரிக்காவின் சியாட்டிலில், இப்படிப்பட்ட உடன்பிறப்புகளுக்கென்றே 'சிப்ஷாப்' என்ற கூடுகையைத் தொடங்கினார். பெரும்பாலும் விளையாட்டு, இடையிடையே பேச்சு. பிறகு அது பல நாடுகளுக்கும் போனது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை (2006) கூட, அவர்களுக்கு மட்டுமல்ல, குடும்பத்தினருக்கும் பாதுகாப்பும் உதவியும் வேண்டும் என்று முன்னுரையிலேயே சொல்கிறது. குடும்பத்தினர் என்றால் எல்லாரும் பெற்றோரோடு நிறுத்திக்கொள்கிறார்கள், அதுதான் வருத்தம்.

போன வருஷம் அண்ணனிடம் எண்களைத் தாவிய கதையைச் சொன்னேன். அவனுக்குப் பேச்சு மெதுவாகத்தான் வரும். "தெரியும்டி. நானும் மனசுக்குள்ள எண்ணிக்கிட்டுத்தானே இருந்தேன். வலிக்குமே, நீ தாவினா எனக்கும் நிம்மதி" என்றான். நான் அழுததைப் பார்த்து அவனுக்குத்தான் ஒன்றும் புரியவில்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த டிசம்பர் 3 சிறப்புப் பக்கத்தில் அரைப் பக்கமாவது உடன்பிறந்தவர்களுக்கு ஒதுக்குங்கள். வளர்ந்து ஆளானவர்கள் எழுதட்டும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் பெயர் போடாமல் எழுதட்டும். ஆள் கிடைக்காது என்று நினைக்க வேண்டாம், ஒருவர் எழுதினால் போதும், மற்றவர்கள் வருவார்கள். முதல் கடிதமாக இதையே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தங்கை